தாமதமாக வரும் பிளாக்செயின் தரவைச் சரிபார்த்து முடிவெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

கிரிப்டோவில் பணம் போட்டிருப்பவர் திரையில் பார்க்கும் இருப்பு, விலை, எக்ஸ்சேஞ்சுக்குள் (கிரிப்டோவை வாங்கி விற்கும் தளத்துக்குள்) வந்த நாணயங்களின் அளவு ஆகிய எல்லாமே ஏதோ ஒரு நேரத்தில் எடுக்கப்பட்ட எண்கள். அந்த நேரம் இப்போதா, பத்து நிமிடத்துக்கு முன்பா, நேற்று மாலையா என்பதைப் பெரும்பாலான செயலிகள் முன்னால் எடுத்துச் சொல்வதில்லை. புதுச்சேரி துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் கூண்டு ஏறியிருக்கிறது என்று கேள்விப்படுகிற மீனவர், அதை எப்போது ஏற்றினார்கள் என்று கேட்காமல் படகை இறக்கமாட்டார். எண்ணோடு நேரமும் சேர்ந்தால்தான் அவருக்கு அது செய்தி. பரிவர்த்தனைகளைப் பிளாக் பிளாக்காகத் தொகுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் பொதுப் பதிவேடுதான் பிளாக்செயின்; அதன் தரவையும் அப்படித்தான் படிக்க வேண்டும்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் புதிதாக இதில் இறங்கியவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்ததில், அவர்களுக்குச் சோதனைகள் தெரிந்தே இருக்கின்றன, வரிசைதான் தவறிப்போகிறது. முதலில் விலையைப் பார்க்கிறார்கள், மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது, அதன்பின் செய்கிற சோதனையெல்லாம் சாய்ந்த பக்கத்துக்கு ஆதாரம் தேடுவதாக முடிகிறது. ஆகவே கீழே உள்ள வரிசையில் விலை கடைசியில்தான் வருகிறது.

இந்தியாவில் இருப்பவருக்கு இந்தக் கவனம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரியும், 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீத டிடிஎஸ் பிடித்தமும் நடைமுறையில் உள்ளன. ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதும் விற்பனையாகவே கணக்கிடப்படுகிறது. ஒன்றில் ஏற்பட்ட நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் வழியில்லை. பழைய எண்ணை நம்பி விற்றுவிட்டு, தவறு தெரிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இங்கே செலவில்லாமல் நிறைவேறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எந்தச் சங்கிலியில் (பிளாக்செயினில்) உங்கள் பணம் இருக்கிறது என்பது முதல் தேவை. டாலர் மதிப்பை ஒட்டி நிற்கும் டெதர் நாணயம் என்று மட்டும் சொன்னால் போதாது. அது ட்ரானில் உள்ள டெதரா, எத்திரியத்தில் உள்ளதா, சொலானாவில் உள்ளதா என்று தெரிய வேண்டும். ஒவ்வொன்றின் வேகமும் இறுதிநிலையும் (பதிவு இனி மாறாது என்ற நிலை) வேறு என்பதால், தவறான சங்கிலியின் எக்ஸ்ப்ளோரரில் (சங்கிலியின் பதிவுகளைத் தேடிப் பார்க்கும் தளத்தில்) தேடிவிட்டுப் பணம் காணாமல் போனதாகப் பதறுவது புதியவர்களிடம் மிகச் சாதாரணமாக நடக்கிறது.

ஒவ்வொரு சங்கிலிக்கும் இரண்டு எக்ஸ்ப்ளோரர் முகவரிகளை உலாவியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிட்காயினுக்கு மெம்பூல் ஸ்பேஸும் பிளாக்ஸ்ட்ரீமும், எத்திரியத்துக்கு ஈதர்ஸ்கேனும் பிளாக்ஸ்கவுட்டும், ட்ரானுக்கு ட்ரான்ஸ்கேன், சொலானாவுக்கு சோல்ஸ்கேன் ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. தேவைப்படும்போது கூகுளில் தேடி முதலில் வருவதை அழுத்தக் கூடாது, ஏனெனில் அசல்போலவே தோன்றும் போலித் தளங்கள் விளம்பரமாக மேலே வந்து நிற்பதுண்டு.

இவற்றோடு உங்கள் வாலட் (நாணயங்களை வைத்திருக்கும் செயலி) முகவரி, சம்பந்தப்பட்ட பரிவர்த்தனையின் ஹாஷ் (அதை அடையாளம் காட்டும் நீண்ட எழுத்து வரிசை), வீட்டு இணைப்பு அல்லாத இன்னொரு நிறுவனத்தின் மொபைல் இணைப்பு, ஒரு குறிப்பேடு ஆகியவை வேண்டும். இரண்டாவது இணைப்பை ஆடம்பரமாக நினைக்க வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மின்சாரமும் கைப்பேசி சிக்னலும் பல பகுதிகளில் நின்றுபோயின. அத்தகைய நேரத்தில் செயலி தான் கடைசியாகப் பெற்ற எண்ணைக் கொஞ்சமும் மாறாமல் காட்டிக்கொண்டிருக்கும்; பார்ப்பவருக்கு அது நேரடி எண்ணாகவே தெரியும்.

2. எடுக்கப்போகும் முடிவையும் தாங்கக்கூடிய தாமதத்தையும் முதலில் எழுதுங்கள்

தரவு எவ்வளவு புதியதாக இருக்க வேண்டும் என்பதை முடிவுதான் தீர்மானிக்கிறது. மாதந்தோறும் சிறிது ஈதர் (எத்திரியத்தின் நாணயம்) வாங்கிப் பல ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறவருக்கு ஒரு மணி நேரப் பழைய தரவு எந்தக் கெடுதலும் செய்யாது. ஆவே போன்ற கடன் தளத்தில் ஈதரை அடகு வைத்துக் கடன் எடுத்தவருக்கோ, ஹெல்த் ஃபேக்டர் (கடனுக்கு அடகு எவ்வளவு போதுமானது என்று காட்டும் எண்) 1-க்குக் கீழே இறங்கியதும் அடகை விற்கும் வழி மற்றவர்களுக்குத் திறந்துவிடும் என்பதால், சில நிமிடத் தாமதமும் அதிகம்.

நேருக்கு நேர் ஒருவரிடமிருந்து டெதர் வாங்கி ரூபாய் கொடுப்பவருக்கு வேறு அளவுகோல். அவருக்குத் தரவு எவ்வளவு புதியது என்பதைவிட, அது இனி மாற முடியாததா என்பதே கேள்வி.

குறிப்பேட்டில் ஒரே வரியாக எழுதினால் போதும்: என்ன செய்யப்போகிறேன், எந்த எண்ணை நம்பி, அது அதிகபட்சம் எத்தனை நிமிடப் பழையதாக இருக்கலாம். எண்ணைப் பார்ப்பதற்கு முன்பே இதை எழுத வேண்டும். பார்த்தபின் எழுதினால், கையில் கிடைத்த எண்ணுக்குப் பொருந்துமாறு வரம்பை மனம் தளர்த்திக்கொள்கிறது.

3. கடிகாரத்தைச் சரிபாருங்கள்

எக்ஸ்ப்ளோரர்களும் டாஷ்போர்டுகளும் (தரவை வரைபடங்களாகத் தொகுத்துக் காட்டும் பக்கங்களும்) பெரும்பாலும் உலகப் பொது நேரத்தைக் (UTC) காட்டுகின்றன. அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் இந்திய நேரம். சில தளங்கள் உங்கள் உலாவியின் நேரத்துக்கு மாற்றிக் காட்டும் என்பதால், எந்த நேரத்தைப் பார்க்கிறோம் என்பதை ஒவ்வொரு தளத்திலும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

“2 நிமிடங்களுக்கு முன்” என்ற வகைக் குறிப்பை மட்டும் நம்ப வேண்டாம். சில தளங்களில் அது உங்கள் கணினியின் கடிகாரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. நேரம் தவறியிருக்கும் பழைய கணினியில் அந்தக் குறிப்பும் தவறிவிடும். முழுத் தேதியையும் நேரத்தையும் திறந்து பாருங்கள்.

4. சங்கிலியின் கடைசி பிளாக் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

உங்கள் செயலி தாமதமாகிறதா என்று கேட்பதற்கு முன், சங்கிலியே தாமதமாகிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ப்ளோரரின் முகப்பில் தெரியும் கடைசி பிளாக்கின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அது அந்தச் சங்கிலியின் இயல்பான இடைவெளிக்குள் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள்.

பிட்காயினில் சராசரி இடைவெளி 10 நிமிடம். சராசரி என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய சொல். பிளாக் கிடைப்பது தற்செயலான நிகழ்வு என்பதால், ஏறத்தாழ இருபதில் ஒரு இடைவெளி அரை மணி நேரத்தைத் தாண்டும். நாளுக்குச் சராசரியாக 144 பிளாக்குகள் வருவதால் இது தினமும் ஏழு முறை நடக்கக்கூடியது. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் இடைவெளிகூடச் சில நாட்களுக்கு ஒருமுறை வரும். நாற்பது நிமிடமாகப் புதிய பிளாக் இல்லை என்பதைக் கண்டு பிட்காயின் நின்றுவிட்டதாக முடிவுசெய்யத் தேவையில்லை.

பிட்காயின் பிளாக்கின் நேர முத்திரையை மைனரே (பிளாக்கை உருவாக்குபவரே) இடுகிறார். முந்தைய 11 பிளாக்குகளின் நடு நேரத்துக்குப் பிந்தியதாகவும், இப்போதைய நேரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் முந்திச் செல்லாததாகவும் இருந்தால் அது ஏற்கப்படும். எனவே அடுத்த பிளாக்கின் நேரம் முந்தைய பிளாக்கைவிடக் குறைவாகத் தெரிவதும் சாத்தியம். பிட்காயினில் நிமிடக் கணக்கைவிட பிளாக் எண்ணே நம்பத்தக்கது.

எத்திரியத்தில் நிலைமை வேறு. பிளாக் உருவாக்கும் முறை மாறிய 2022 செப்டம்பர் 15-க்குப் பிறகு அங்கே 12 விநாடிக்கு ஒரு பிளாக்குக்கான இடம் (ஸ்லாட்) ஒதுக்கப்படுகிறது. ஓரிடம் காலியாகப் போனால் 24 விநாடி இடைவெளி தெரியும், அது இயல்பே. பல நிமிடங்கள் நகராமல் நின்றால் பிரச்சினை பெரும்பாலும் நீங்கள் பார்க்கும் தளத்தில் இருக்கும். ட்ரானில் 3 விநாடிக்கு ஒரு பிளாக், சொலானாவில் ஏறத்தாழ 0.4 விநாடிக்கு ஒரு இடம்.

சங்கிலியே நிற்பதும் நடந்திருக்கிறது. 2023 டிசம்பர் 15 அன்று ஆர்பிட்ரம் ஒரு மணி நேரத்துக்கு மேலும், 2024 பிப்ரவரி 6 அன்று சொலானா ஏறத்தாழ ஐந்து மணி நேரமும் நின்றன. இரண்டு எக்ஸ்ப்ளோரர்களும் ஒரே பிளாக்கில் நின்றிருந்தால், அந்தச் சங்கிலியின் நிலை அறிவிப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு வேலையை அங்கேயே நிறுத்துங்கள். நின்றுபோன சங்கிலியில் மேற்கொண்டு செய்யும் சோதனைகளுக்குப் பொருள் இல்லை.

5. உங்கள் கருவி எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள்

சங்கிலிக்கும் உங்கள் திரைக்கும் நடுவே பல கைகள் இருக்கின்றன. பிளாக்கை முதலில் ஒரு நோட் (சங்கிலியின் பிரதியை வைத்திருக்கும் கணினி) பெறுகிறது. அதிலிருந்து இன்டெக்ஸர் பிரித்து அடுக்குகிறது. அதன் விடையைச் செயலியின் சர்வர் சிறிது நேரம் சேமித்து வைக்கிறது. கடைசியில் கைப்பேசியும் தன் பங்குக்குச் சேமித்து வைக்கிறது. எந்தக் கை தாமதித்தாலும் திரையில் தெரிவது பழைய எண்ணே.

அளக்கும் முறை எளிது. நீங்கள் நம்பப்போகும் எண் எந்த பிளாக்கைச் சேர்ந்தது என்று கண்டுபிடியுங்கள். சில டீஃபை (வங்கி போன்ற இடையாள் இல்லாத நிதிச் சேவை) தளங்கள் திரையின் கீழ் மூலையில் பிளாக் எண்ணைக் காட்டுகின்றன; டாஷ்போர்டுகளில் கடைசியாக இயக்கப்பட்ட நேரம் இருக்கும்; வாலட்டில் எதுவும் இல்லையென்றால், அது காட்டும் மிகச் சமீபத்திய பரிவர்த்தனையின் பிளாக் எண்ணை எடுத்துக்கொண்டு, அதே முகவரிக்கு எக்ஸ்ப்ளோரரில் அதற்குப் பிறகு ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சங்கிலியின் கடைசி பிளாக் எண்ணிலிருந்து கருவியின் பிளாக் எண்ணைக் கழித்து, வரும் எண்ணிக்கையை பிளாக் இடைவெளியால் பெருக்குங்கள். எத்திரியத்தில் 50 பிளாக் பின்தங்கினால் 600 விநாடி, அதாவது 10 நிமிடம். ட்ரானில் அதே 10 நிமிடத்துக்கு 200 பிளாக். பிட்காயினில் ஒரு பிளாக் பின்தங்குவதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பலரும் தவறவிடுகிற படி இதற்கு அடுத்ததுதான்: ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். எத்திரியத்தில் ஐந்து நிமிடத்தில் ஏறத்தாழ 25 புதிய பிளாக்குகள் வரும். முதல் அளவில் 50 இருந்த பின்னடைவு 75 ஆகியிருந்தால் கருவி முற்றிலும் நின்றுவிட்டது. 50-லேயே இருந்தால் அது நிலையான தாமதத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பத்து நிமிடம் உங்கள் வரம்புக்குள் இருந்தால் பயன்படுத்தலாம். 20 ஆகக் குறைந்திருந்தால் எட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது, காத்திருந்தால் போதும். ஒரே ஒரு முறை அளந்தால் இந்த மூன்று நிலைகளையும் பிரித்தறிய முடியாது.

பின்னடைவு தெரிந்ததும் செயலியை மூடித் திறப்பதும், திரையை இழுத்து விடுவதும் கைப்பேசியின் சேமிப்பை மட்டுமே நீக்கும். சர்வர் பக்கத் தாமதம் அதனால் தீராது. புதுப்பித்த பிறகும் பிளாக் எண் மாறவில்லையென்றால் மேலும் மேலும் புதுப்பிப்பதில் பயனில்லை. இரண்டாவது இணைப்பில் இரண்டாவது தளத்தைத் திறப்பதே வழி.

6. இரண்டாவது சாட்சியை அழையுங்கள், ஆனால் அது வேறு ஊற்றிலிருந்து வரட்டும்

இரண்டு செயலிகள் ஒரே எண்ணைச் சொல்வதை உறுதிப்பாடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டுமே ஒரே நோட் சேவையிலிருந்து தரவை வாங்கியிருக்கலாம். 2020 நவம்பர் 11 அன்று பல செயலிகளுக்கு எத்திரியம் தரவை வழங்கும் இன்ஃப்யூரா சேவை, நோட் மென்பொருளின் பழைய பதிப்பால் பாதிக்கப்பட்டபோது, மெட்டாமாஸ்க் வாலட் உட்பட அதை நம்பியிருந்த பல கருவிகள் ஒரே நேரத்தில் தடுமாறின; பைனான்ஸ் உள்ளிட்ட எக்ஸ்சேஞ்சுகள் ஈதர் வெளியே அனுப்புவதைத் தற்காலிகமாக நிறுத்தின. வெவ்வேறு பெயர்கள் கொண்ட திரைகளுக்குப் பின்னால் ஒரே குழாய் இருந்தது அன்று வெளிப்பட்டது.

எனவே வெவ்வேறு நிறுவனங்கள் நடத்தும் இரு எக்ஸ்ப்ளோரர்களில் ஒரே பிளாக் எண்ணைத் திறந்து, பிளாக் ஹாஷை ஒப்பிடுங்கள். எண் ஒன்றாக இருந்து ஹாஷ் வேறுபட்டால், அவற்றில் ஒன்று சங்கிலியிலிருந்து பிரிந்து கைவிடப்பட்ட கிளையில் நிற்கிறது என்று பொருள். பிளாக் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் இது தெரியவே தெரியாது.

ஒரு சிறு எச்சரிக்கை: பிட்காயின் பிளாக் ஹாஷ்கள் எல்லாமே நீண்ட பூஜ்ய வரிசையோடுதான் தொடங்கும். முதல் ஆறு எழுத்துகளை ஒப்பிட்டுவிட்டுப் பொருந்துகிறது என்று நிம்மதி அடைபவர்கள் உண்மையில் எதையும் ஒப்பிடவில்லை. கடைசி எட்டு எழுத்துகளைப் பாருங்கள்.

7. அந்த பிளாக் இறுதிநிலை அடைந்துவிட்டதா

தாமதமில்லாத தரவு உறுதியான தரவாகவும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மிகப் புதிய பிளாக்தான் மாறக்கூடிய வாய்ப்பு அதிகம் உள்ள பிளாக். புதியதாகவும் வேண்டும், மாறாததாகவும் வேண்டும் என்ற இரண்டு தேவைகளும் ஒன்றையொன்று இழுக்கின்றன. எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதற்குத்தான் இரண்டாம் படியில் எழுதிய வரி.

பிட்காயினில் கணித ரீதியான முற்றுப்புள்ளி கிடையாது. மேலே பிளாக்குகள் சேரச் சேர மாறும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். பெரிய தொகைக்கு ஆறு கன்ஃபர்மேஷன் (பரிவர்த்தனை ஏறிய பிளாக்கையும் சேர்த்து ஆறு பிளாக்குகள்), அதாவது ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருப்பது நெடுநாள் வழக்கம். ஒரு கன்ஃபர்மேஷன்கூட இல்லாத பரிவர்த்தனையை வந்த பணமாக எண்ணவே கூடாது. அனுப்பியவர் அதிகக் கட்டணம் கொடுத்து அதன் இடத்தில் வேறொன்றை வைத்துவிட முடியும்.

எத்திரியத்தில் 32 இடங்கள் ஒரு எப்போக், அதாவது 6.4 நிமிடம். இரண்டு எப்போக்குகள் கடந்து, ஏறத்தாழ 13 முதல் 15 நிமிடத்தில் பிளாக் இறுதிநிலை அடைகிறது. எக்ஸ்ப்ளோரரில் பிளாக்கைத் திறந்தால் இந்த நிலை தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கும். 2023 மே 11, 12 தேதிகளில் பிளாக்குகள் வந்துகொண்டிருந்தபோதே இறுதிநிலை சிறிது நேரம் தடைபட்டது. பிளாக் எண் நகர்கிறது என்பதைப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டால் அப்படிப்பட்ட நேரத்தை இனம்காண முடியாது.

ட்ரானில் பிளாக் அமைக்கும் 27 பிரதிநிதிகளில் 19 பேர் மேலே பிளாக் அமைத்த பின், ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் உறுதியாகிறது. சொலானாவில் பதின்மூன்று விநாடி அளவு.

ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் போன்ற, எத்திரியத்தின் மேல் இயங்கும் இரண்டாம் அடுக்குகளில் திரையில் உடனே தெரியும் உறுதி, அந்த அடுக்கை நடத்தும் சீக்வென்சர் கொடுக்கும் வாக்கு மட்டுமே. தரவு எத்திரியத்தில் பதிவாகி, அந்த பிளாக்கும் இறுதிநிலை அடைந்த பின்தான் அது எத்திரியத்தின் பலத்தைப் பெறுகிறது. அந்த அடுக்கின் சொந்தப் பாலம் (இரு சங்கிலிகளுக்கிடையே பணம் மாற்றும் வசதி) வழியாகப் பணத்தை எத்திரியத்துக்கு எடுக்க ஏறத்தாழ ஏழு நாள் ஆகும் என்பதும் இந்த வகை அடுக்குகளின் வடிவமைப்பே. அதைத் தாமதம் என்று தவறாக எண்ணி இன்னொரு முறை கோர வேண்டாம்.

8. குறிப்பிட்ட ஒரு பரிவர்த்தனை தெரியவில்லை என்றால்

பதற்றம் அதிகமாக வருவதும் பணம் அதிகமாக இழக்கப்படுவதும் இந்த இடத்தில்தான். எந்த நிலையிலும் முதல் விதி: நிலை தெரியும்வரை இன்னொரு முறை அனுப்பாதீர்கள். முதலாவது தாமதமாக வந்துசேரும்போது இரண்டு முறை அனுப்பியதாகிவிடும். அனுப்பியதைத் திரும்பக் கேட்க இங்கே வங்கி மேலாளர் இல்லை.

பரிவர்த்தனை ஹாஷை எக்ஸ்ப்ளோரரில் இடுங்கள். இரண்டு எக்ஸ்ப்ளோரர்களிலும் அது இல்லவே இல்லையென்றால், சரியான சங்கிலியில் தேடுகிறீர்களா என்று முதலில் பாருங்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்பியிருந்தால், உங்கள் கோரிக்கையை அவர்கள் இன்னும் சங்கிலியில் ஏற்றாமல் வைத்திருக்கலாம். ஹாஷ் கொடுக்கப்படவில்லை என்றால் பணம் இன்னும் அவர்கள் வாசலைத் தாண்டவில்லை.

காத்திருப்பில் இருப்பதாகக் காட்டினால் கட்டணம் குறைவாக இருக்கலாம். பிட்காயின் நோட்கள் வழக்கமான அமைப்பில் 14 நாள் வரை ஒரு பரிவர்த்தனையைக் காத்திருப்பில் வைத்திருக்கும். எத்திரியத்தில் ஒரே வாலட்டின் பரிவர்த்தனைகள் வரிசை எண்படிதான் போக முடியும். முந்தையது சிக்கியிருந்தால் அதன்பின் எத்தனை அனுப்பினாலும் அவையும் பின்னால் நிற்கும். வாலட்டில் உள்ள வேகப்படுத்தும் வசதி, அதே வரிசை எண்ணில் கூடுதல் கட்டணத்தோடு மாற்றாக ஒன்றை அனுப்புகிறது. அப்போது ஹாஷ் மாறிவிடும். பழைய ஹாஷைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது கைவிடப்பட்டதாகத் தெரியும்.

தோல்வி என்று காட்டினால், அது தாமதம் இல்லை. பரிவர்த்தனை பிளாக்கில் ஏறிவிட்டது, கட்டணமும் போய்விட்டது, ஆனால் கேட்ட வேலை நடக்கவில்லை. எத்தனை கன்ஃபர்மேஷன் சேர்ந்தாலும் இந்த நிலை மாறாது.

வெற்றி என்று காட்டியும் வாலட்டில் இருப்பு ஏறவில்லையென்றால், வாலட் பின்தங்கியிருக்கிறது அல்லது அந்த டோக்கன் வாலட்டில் சேர்க்கப்படவில்லை. எக்ஸ்சேஞ்சில் ஏறவில்லையென்றால், அவர்கள் கேட்கும் கன்ஃபர்மேஷன் எண்ணிக்கையை டெபாசிட் பக்கத்தில் பாருங்கள். அது நிறைவேறிய பின்னும் வரவில்லையென்றால்தான் ஹாஷோடு அவர்களுக்கு எழுத வேண்டும்.

ரூபாய்க்கு டெதர் விற்பவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்காதீர்கள். “அனுப்பிவிட்டேன், நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது” என்ற வாக்கியம் தாமதத்தைப் பற்றிய உங்கள் அரைகுறை அறிவையே மூலதனமாக்குகிறது. ஹாஷைக் கேட்டு வாங்கி நீங்களே எக்ஸ்ப்ளோரரில் இடுங்கள். பெறுபவர் முகவரி உங்களுடையதா, டோக்கனின் கான்ட்ராக்ட் முகவரி (அந்த டோக்கனை இயக்கும் நிரலின் முகவரி) டெதர் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா, இறுதிநிலை வந்ததா என்ற மூன்றையும் பாருங்கள். அதே பெயரோடும் அதே சின்னத்தோடும் யார் வேண்டுமானாலும் போலி டோக்கன் உருவாக்கலாம் என்பதால், நடுவில் உள்ள சோதனையை ஒருபோதும் விடக்கூடாது. ஏமாந்தது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

9. டாஷ்போர்டும் திமிங்கில எச்சரிக்கையும்

எக்ஸ்சேஞ்சுகளுக்குள் வந்த நாணய அளவு போன்ற நாள்வாரி வரைபடங்கள் உலகப் பொது நேர நள்ளிரவில், அதாவது நமக்குக் காலை 5.30 மணிக்கு, புதிய நாளைத் தொடங்குகின்றன. காலை 9 மணிக்குப் பார்க்கும்போது இன்றைய பட்டையில் மூன்றரை மணி நேரத் தரவுதான் இருக்கும். அது நேற்றைவிட மிகக் குட்டையாக இருப்பதைக் கண்டு வரத்து சரிந்துவிட்டது என்று படிப்பவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். முடிந்த நாட்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

முடிந்த நாட்களின் எண்ணும் பின்னால் திருத்தப்படலாம். எந்த முகவரி எந்த எக்ஸ்சேஞ்சுக்குரியது என்ற அடையாளம் பிறகு கண்டுபிடிக்கப்படும்போது பழைய எண்கள் மாறுகின்றன. நேற்று எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுக்கும் இன்றைய வரைபடத்துக்கும் வித்தியாசம் இருந்தால், அது பெரும்பாலும் இந்தத் திருத்தமே. டியூன் என்ற தரவுத் தளத்தின் டாஷ்போர்டுகளில் ஒவ்வொரு வரைபடத்துக்கும் கடைசியாக இயக்கப்பட்ட நேரம் தனித்தனியாக இருக்கும். ஒரே பக்கத்தில் ஒன்று புதியதாகவும் மற்றொன்று சில நாள் பழையதாகவும் இருக்க முடியும்.

டெலிகிராமில் வரும் திமிங்கில எச்சரிக்கைகளுக்கு, அதாவது பெரும் தொகை வைத்திருப்பவர்களின் பரிமாற்ற அறிவிப்புகளுக்கு, ஹாஷைத் திறந்து நேரத்தைப் பாருங்கள். பழைய பரிமாற்றம் புதிய செய்திபோல் மறுபடி சுற்றுவதுண்டு. நேரம் சரியாக இருந்தாலும் இடமாற்றத்தை விற்பனையாகப் படிக்காதீர்கள். 2024 மே 28 அன்று திவாலான மவுண்ட் காக்ஸ் எக்ஸ்சேஞ்சின் நிர்வாகம் ஏறத்தாழ 1,40,000 பிட்காயினை வாலட் மாற்றியது, பணம் வர வேண்டியவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கான ஏற்பாடாக. அன்று அவை சந்தையில் விற்கப்படவில்லை.

10. ஆரக்கிள் விலையின் வயது

கடன் தளங்கள் எக்ஸ்சேஞ்சின் விலையைப் பார்ப்பதில்லை. செயின்லிங்க் போன்ற ஆரக்கிள், அதாவது வெளி விலையைச் சங்கிலிக்குள் கொண்டுவரும் சேவை, சங்கிலியில் எழுதிய விலையையே பார்க்கின்றன. அடகு வைத்திருப்பவர் சரிபார்க்க வேண்டிய விலை அதுதான்.

எத்திரியத்தில் ஈதர் டாலர் விலை, 0.5 சதவீதம் நகர்ந்தாலோ ஒரு மணி நேரம் ஆனாலோ எழுதப்படும். டெதர் போன்ற ஸ்டேபிள்காயின் விலைக்கு 0.25 சதவீதமும் ஏறத்தாழ ஒரு நாளும் வரம்பு. இந்த இரண்டாவது வரம்பை அறியாதவர், டெதர் விலை 18 மணி நேரமாகப் புதுப்பிக்கப்படவில்லை என்று கண்டு அஞ்சுகிறார். விலை நகராததால் எழுதப்படவில்லை. பழையதாக இருந்தும் அது செல்லுபடியாகும் எண். மாறாக, ஈதர் விலை இரண்டு மணி நேரமாக எழுதப்படாமல் இருந்தாலோ, சந்தையில் ஒரு சதவீதம் நகர்ந்தும் ஆரக்கிள் நகராமல் இருந்தாலோ அது கோளாறின் அறிகுறி. வயதைத் தனியாகப் பார்க்காமல் அந்த விலை ஊட்டத்தின் (ஆரக்கிள் தொடர்ந்து எழுதும் விலை வரிசையின்) விதியோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

விளைவு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதற்கு 2022 மே மாதம் சாட்சி. லூனா நாணயம் சரிந்தபோது அதன் செயின்லிங்க் ஊட்டம் 0.10 டாலரை ஒட்டி நின்றுவிட, சந்தை விலை அதற்கும் மிகக் கீழே போனது. அந்த இடைவெளியைப் பயன்படுத்தி மலிவு லூனாவை அடகு வைத்துக் கடன் எடுத்தவர்களால் வீனஸ் கடன் தளம் ஏறத்தாழ 1.1 கோடி டாலர் இழந்தது.

11. இப்போது விலையைப் பார்த்து முடிவெடுங்கள்

முந்தைய படிகளுக்கு எடுத்த நேரத்தில் விலை நகர்ந்திருக்கும். ஆகவே அழுத்துவதற்கு முன் இரண்டு எக்ஸ்சேஞ்சுகளின் விலையைப் பார்த்து, இரண்டாம் படியில் எழுதிய வரியை மறுபடி படியுங்கள். இந்திய எக்ஸ்சேஞ்சின் ரூபாய் விலையை வெளிநாட்டு டாலர் விலையோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைத் தாமதம் என்று எண்ண வேண்டாம். ரூபாயில் டெதருக்குக் கிடைக்கும் விலை வங்கியின் டாலர் மதிப்பிலிருந்து விலகியிருப்பது வழக்கம்.

சந்தை விலைக்கு வாங்குவதைவிட விலை வரம்பு குறிப்பிட்ட ஆர்டர் பாதுகாப்பானது. நீங்கள் சரிபார்த்த எண்ணுக்கும் நடப்பு எண்ணுக்கும் மிஞ்சியிருக்கும் இடைவெளியை அந்த வரம்பு தாங்கிக்கொள்ளும். டீஃபை பரிமாற்றத்தில் அதே வேலையை ஸ்லிப்பேஜ் வரம்பு (எவ்வளவு விலை விலகலை ஏற்கலாம் என்ற எல்லை) செய்கிறது.

ஏதேனும் ஒரு படி பொருந்தவில்லை என்றால் முழு வரிசையையும் ஐந்தாம் படியிலிருந்து மறுபடி செய்யுங்கள். பொருந்தாத ஒன்றை மட்டும் பலமுறை சோதித்து, ஒருமுறை பொருந்தியதும் போகலாம் என்று எடுத்துக்கொள்வது சரிபார்ப்பாகாது.

12. குறிப்பு எழுதி வையுங்கள்

பிளாக் எண், ஹாஷின் கடைசி எட்டு எழுத்துகள், இந்திய நேரம், ரூபாய் மதிப்பு, டிடிஎஸ் பிடித்த தொகை ஆகிய ஐந்தையும் அன்றே எழுதுங்கள். வரிக் கணக்குக்கு இவை தேவைப்படும். டாஷ்போர்டு எண்கள் பின்னால் திருத்தப்படும்போது, எந்த எண்ணை நம்பி முடிவெடுத்தீர்கள் என்பதற்கும் இதுவே சான்று.

மார்ச் மாதக் கடைசியில் தேதியைத் தனியாகக் கவனியுங்கள். எக்ஸ்ப்ளோரரில் மார்ச் 31, 19.00 மணி என்று உலகப் பொது நேரத்தில் காட்டும் பரிவர்த்தனை, இந்திய நேரப்படி ஏப்ரல் 1 நள்ளிரவு 12.30-க்கு நடந்தது. குறிப்பேட்டில் அது அடுத்த நிதியாண்டின் பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.